வினைக்கு முன்னாலா, பின்னாலா?

மன்னார்குடிப் பக்கம், நெல் கொள்முதல் சம்பந்தப்பட்ட ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆல்வேஸ், ஒன்லி, ஸ்டில் மாதிரியான சொற்களை ஆங்கில வாக்கியத்தில் எங்கே வைப்பது என்று இத்தனை வருஷமாகப் பிடிபடவே இல்லை. நான் எழுதும் கடிதங்களில் மேலதிகாரி இவற்றைத்தான் சுழித்து இடம் மாற்றுகிறார். ஏன் என்று கேட்டால், படிக்கப் படிக்கத் தானாக வரும் என்கிறார். இதற்கு விதி உண்டா, இல்லை வெறும் பழக்கம்தானா?" கூடவே, சுழிக்கப்பட்ட மூன்று வாக்கியங்களையும் அனுப்பியிருக்கிறார்.

"ஐ சென்ட் யெஸ்டர்டே ஒன்லி த ஃபைல்."
"வீ ரிசீவ் ஆல்வேஸ் லேட் த லிஸ்ட்."
"தே ஹேவ் நாட் ஸ்டில் ரிப்ளைட்."

விதி உண்டு. எல்லாவற்றுக்கும் இல்லை, ஒரு பகுதி உண்மையிலேயே பழக்கம்தான். ஆனால் உங்கள் மூன்று வாக்கியங்களும் விதி இருக்கிற பகுதியில் விழுகின்றன, அதனால் மூன்றையும் தீர்த்துவிடலாம். படிக்கப் படிக்க வரும் என்பது படிக்க நேரம் கிடைத்தவர்களுக்குச் சரி. நாள் முழுக்கச் சிட்டாவும் மூட்டைக் கணக்கும் பார்த்துவிட்டு இருட்டின பிறகு வீடு திரும்புகிறவருக்கு அது பதில் ஆகாது. நீடாமங்கலத்தில் பல வருஷமாக மாலை வகுப்பு எடுக்கிறேன். இந்த மூன்று தவறுகளும் வகுப்பில் வாராவாரம் வரும். அறிவுக் குறைவால் வருபவை அல்ல. மூன்றும் நல்ல தமிழிலிருந்து நேராகப் பிறப்பவை.

அதனால் முதலில் நம் பக்கத்தைப் பார்த்துவிடுவோம். தமிழில் வினை கடைசியில் நிற்கிறது. "நேற்று ராத்திரி வாய்க்காலில் தண்ணீர் மெதுவாக வந்தது" என்கிறோம். 'வந்தது' என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பவற்றை எப்படி மாற்றி அடுக்கினாலும் விஷயம் கெடாது. "தண்ணீர் நேற்று ராத்திரி மெதுவாக வாய்க்காலில் வந்தது" என்றாலும் கேட்பவருக்குப் புரியும். எது இடம், எது விதம், எது செயப்படுபொருள் என்பதை 'இல்', 'ஆக', 'ஐ' போன்ற ஒட்டுகள் பார்த்துக்கொள்கின்றன. சொல் எங்கே போனாலும் தன் அடையாளத்தைக் கையோடு எடுத்துப் போகிறது.

ஆங்கிலத்தில் 'ஐ' உருபு கிடையாது. நாய் மனிதனைக் கடித்ததா, மனிதன் நாயைக் கடித்தானா என்பதை அங்கே இடம்தான் சொல்கிறது. வினை நடுவில் நிற்கும், செய்தவர் அதற்கு முன்னால், செய்யப்பட்டது அதற்குப் பின்னால். உருபு இல்லாத குறையை ஈடுகட்ட, வினையும் செயப்படுபொருளும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. இதிலிருந்துதான் முதல் விதி வருகிறது, நூற்றுக்கு ஐம்பது தவறாவது இதனால் போய்விடும் என்பது என் வகுப்பு அனுபவம்: வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே எதையும் நுழைக்காதீர்கள்.

உங்கள் இரண்டாவது வாக்கியத்தை இப்போது பாருங்கள். 'ரிசீவ்' வினை, 'த லிஸ்ட்' செயப்படுபொருள். நடுவே 'ஆல்வேஸ்', 'லேட்' என்று இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டையும் வெளியே எடுங்கள். 'லேட்' எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறது, அது வாக்கியத்தின் கடைசிக்குப் போகட்டும். 'ஆல்வேஸ்' எத்தனை முறை என்று சொல்கிறது, அது வினைக்கு முன்னால் வரட்டும். "வீ ஆல்வேஸ் ரிசீவ் த லிஸ்ட் லேட்." முடிந்தது. இதே காரணத்தால்தான் "ஷீ ஸ்பீக்ஸ் வெரி வெல் இங்கிலீஷ்" தவறு, "ஷீ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெரி வெல்" சரி. "ஐ லைக் வெரி மச் திஸ் ப்ளேஸ்" என்பதும் அப்படித்தான், 'வெரி மச்' கடைசிக்குப் போக வேண்டும்.

ஒரு விலக்கு உண்டு. செயப்படுபொருள் ரொம்ப நீளமாக இருந்தால் வினையடை, அதாவது வினை எப்படி, எப்போது நடந்தது என்று சொல்லும் சொல், நடுவே வரலாம். 'அவர் பொறுமையாக விளக்கினார்' என்பதற்குப் பின்னால், 'ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை ஏன் எடுக்க முடியாது என்பதை' என்று ஒரு முழ நீளத்துக்குச் செயப்படுபொருள் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பேஷன்ட்லி' என்ற சொல்லை அவ்வளவுக்கும் அப்பால் கொண்டுபோய் வைத்தால், வாசிப்பவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் வினையையே மறந்துவிடுவார். அதனால் "ஷீ எக்ஸ்ப்ளெய்ண்ட் பேஷன்ட்லி வை..." என்று வினையை ஒட்டியே வைத்துவிடுவார்கள்.

அடுத்தது, வினைக்கு முன்னால் என்றால் எந்த வினைக்கு முன்னால்? ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், நெவர், ரேர்லி, இவையெல்லாம் ஒரு கூட்டம். எத்தனை தடவை என்று சொல்லும் கூட்டம். இவற்றுக்கு வகுப்பில் நான் சொல்லும் வழி எளிது. வாக்கியத்தை நோட்டில் எழுதுங்கள். ஹேஸ், ஹேவ், வில், கேன், ஷுட் மாதிரித் துணைவினை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதல் துணைவினைக்குப் பென்சிலால் வட்டம் போடுங்கள், வட்டத்துக்கு வலது பக்கம் இந்தச் சொல்லை எழுதுங்கள். "ஹீ ஹேஸ் நெவர் கம் ஹியர்", "ஷீ வில் ஆல்வேஸ் ஹெல்ப்." துணைவினை இரண்டு மூன்று வந்தாலும் முதலாவதுதான் கணக்கு: "த லிஸ்ட் ஷுட் ஆல்வேஸ் ஹேவ் பீன் சென்ட்." துணைவினையே இல்லையென்றால் வினைக்கு முன்னால்: "ஹீ நெவர் கம்ஸ்."

இஸ், ஆர், வாஸ் மட்டும் தனி ஜாதி. அவை தனியாக முழு வினையாக நின்றாலும் துணைவினை மாதிரியே நடந்துகொள்ளும். "ஷீ இஸ் ஆல்வேஸ் லேட்." ஏன் இந்தச் சலுகை என்று ஒரு பையன் வகுப்பில் கேட்டான், நல்ல கேள்வி. நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் எல்லா வினையும் இப்படி முன்னே தாண்டி வர முடிந்தது. 'எனக்குத் தெரியாது' என்பதற்கு "ஐ நோ நாட்" என்றே எழுதினார்கள். பிறகு 'டூ' என்ற துணைவினை வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது, சாதாரண வினைகள் பின்வரிசைக்குப் போய்விட்டன. 'இஸ்' கூட்டம் மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை, அதனால்தான் இன்றும் "ஷீ இஸ் நாட்" என்கிறோம், "ஷீ டஸ் நாட் இஸ்" என்பதில்லை. பிரெஞ்சு மொழியில் எல்லா வினைகளும் இன்றைக்கும் முன்னால்தான் வருகின்றன, 'நான் சாப்பிடுகிறேன் அடிக்கடி ஆப்பிள்' என்பதுதான் அங்கே சரியான வரிசை. ஆங்கிலத்தின் விதி இயற்கை நியதி ஒன்றும் இல்லை, ஒரு மொழி வந்த வழியின் தடம். இதைத் தெரிந்துகொண்டால் மனப்பாடம் செய்வது குறையும்.

ஒரு சின்ன விஷயம், இதில் நிறையப் பேர் வழுக்குவார்கள். வாக்கியம் துணைவினையிலேயே முடிந்தால் இந்தச் சொல் அதற்கு முன்னால் வந்துவிடும். "டஸ் ஹீ பே ஆன் டைம்?" என்று கேட்டால் "யெஸ், ஹீ ஆல்வேஸ் டஸ்" என்பதுதான் பதில்.

விதத்தைச் சொல்லும் சொற்கள் வேறு கூட்டம்: ஸ்லோலி, கேர்ஃபுலி, குவிக்லி. இவற்றின் சொந்த ஊர் வாக்கியத்தின் கடைசி. "ஷீ வெய்ட் த பேடி கேர்ஃபுலி", அதாவது நெல்லைக் கவனமாக எடை போட்டாள். வினைக்கு முன்னாலும் வரலாம், கொஞ்சம் எழுத்துநடை மாதிரி இருக்கும், தவறில்லை. அலுவலகக் கடிதத்தில் அடிக்கடி வரும் செயப்பாட்டு வினையில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே விதச் சொல் முக்கிய வினையை ஒட்டி நிற்கும்: "த பேடி ஹேஸ் பீன் கேர்ஃபுலி வெய்ட்." முதல் துணைவினைக்குப் பின்னால் வைத்து "ஹேஸ் கேர்ஃபுலி பீன் வெய்ட்" என்று எழுதினால் காதுக்கு இடறும்.

இப்போது 'நாட்'. இது தெரிந்தால் உங்கள் மூன்றாவது வாக்கியமும் பாதி தீர்ந்த மாதிரி. ஆங்கிலத்தில் 'நாட்' தனக்கு வலது பக்கம் இருப்பதைத்தான் மறுக்கும். இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். "ஐ ரியலி டோன்ட் லைக் இட்" என்றால் எனக்கு நிஜமாகவே பிடிக்கவில்லை. "ஐ டோன்ட் ரியலி லைக் இட்" என்றால் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. முதலாவதில் 'ரியலி' மறுப்புக்கு வெளியே நின்று மறுப்பையே பலமாக்குகிறது. இரண்டாவதில் மறுப்புக்குள் மாட்டிக்கொண்டு அதுவே மறுக்கப்படுகிறது. ஒரே ஒரு சொல் ஒரே ஒரு அடி நகர்ந்தது, முகத்தில் அடிக்கிற மாதிரிப் பேச்சு மரியாதையான பேச்சாகிவிட்டது. தமிழில் இந்த வித்தியாசத்துக்கு 'நிஜமாகவே', 'அவ்வளவாக' என்று வேறு வேறு சொற்களைத் தேடிப் போகிறோம். அங்கே சொல் ஒன்றுதான், இடம்தான் இரண்டு.

உங்கள் முதல் வாக்கியத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இது இலக்கணத் தவறோடு நிற்பதில்லை, ஆளையே மாட்டிவிடும். வடுவூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், என்னிடம் படித்தவன், சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். ஒரு ராத்திரி பத்து மணிக்குப் போன். குரலில் பதற்றம். மேற்பார்வையாளருக்கு அவன் அனுப்பிய செய்தியைக் காட்டினான்: "ஐ ஒன்லி க்ளோஸ்டு த வால்வ்." அவன் மனதில் இருந்தது 'நான்தான் வால்வை மூடினேன்'. யார் மூடினார்கள் என்று கேட்டிருக்கிறார்கள், பொறுப்பாகப் பதில் சொல்லியிருக்கிறான். வந்த மறுமொழி: மூடியதோடு விட்டுவிட்டாயா, அழுத்தமானியைப் பார்க்கவில்லையா? அவன் பார்த்திருந்தான், எழுதியும் வைத்திருந்தான். ஆனால் அவன் எழுதிய ஆங்கிலம் 'நான் வால்வை மூட மட்டுமே செய்தேன், வேறெதுவும் செய்யவில்லை' என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டது. வேலையைச் சரியாகச் செய்த பிள்ளை, ஒரு சொல்லால் குற்றவாளிக் கூண்டில் நின்றான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இதை வகுப்பில் நான் சரியாகச் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

நம்முடைய 'தான்' இரண்டு வேலை செய்கிறது. ஒன்று உறுதிப்படுத்துவது, இன்னொன்று மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது. தொல்காப்பியம் ஏகாரத்துக்கு ஐந்து பொருள் சொல்லும்போது தேற்றம், பிரிநிலை என்று இவ்விரண்டையும் தனித்தனியாக எண்ணுகிறது. நன்னூல் ஆறு சொல்கிறது, அதிலும் இவை இரண்டும் தனித்தனிதான். அந்த ஏகாரம் பார்த்த வேலையைத்தான் இன்று பேச்சில் 'தான்' பெரும்பாலும் பார்க்கிறது. 'நான்தான் மூடினேன்' என்பது தேற்றம், உறுதி. ஆங்கில 'ஒன்லி'க்குப் பிரிநிலை மட்டும்தான் தெரியும், தேற்றம் தெரியாது. நாம் 'தான்' வரும் இடத்திலெல்லாம் 'ஒன்லி' போடுகிறோம், பாதி நேரம் தேற்றத்தைப் பிரிநிலையாக மொழிபெயர்த்துவிடுகிறோம். அந்தப் பையன் எழுதியிருக்க வேண்டியது "இட் வாஸ் மீ ஹூ க்ளோஸ்டு த வால்வ்", அல்லது சும்மா "ஐ க்ளோஸ்டு த வால்வ்." பேசும்போது 'ஐ' மேல் குரலை அழுத்தினாலே போதும்.

இன்னொரு சிக்கல், 'தான்' தான் ஒட்டும் சொல்லுக்குப் பின்னால் வரும். ஆங்கில எழுத்தில் 'ஒன்லி' பெரும்பாலும் தான் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் வரும். உங்கள் வாக்கியத்தில் நீங்கள் நினைத்தது 'நேற்றுதான்'. 'யெஸ்டர்டே ஒன்லி' என்று தமிழ் வரிசையில் எழுதினீர்கள். ஆங்கிலம் வாசிக்கிறவர் கண்ணில் 'ஒன்லி' பின்னால் இருக்கும் 'த ஃபைல்' மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. 'நேற்று ஃபைலை மட்டும் அனுப்பினேன்' என்று ஆகிவிட்டது. மேலதிகாரி, அப்படியானால் கூட அனுப்ப வேண்டிய கடிதம் எங்கே என்று தேடியிருப்பார். 'நேற்றைக்குத்தான் அனுப்பினேன், அதற்குள் கேட்கிறீர்களே' என்பது கருத்தானால் "ஐ சென்ட் த ஃபைல் ஒன்லி யெஸ்டர்டே." வேறு நாள் இல்லை, நேற்றுதான் என்று தேதியை உறுதிப்படுத்துவது கருத்தானால் 'ஒன்லி' வேண்டவே வேண்டாம், "ஐ சென்ட் த ஃபைல் யெஸ்டர்டே" போதும்.

கையில் வைத்துப் பழக ஒரு வாக்கியம் தருகிறேன். லாரி டிரைவர் ரசீதில் கையெழுத்துப் போட்டார். "ஒன்லி த டிரைவர் சைண்ட் த ஸ்லிப்" என்றால் டிரைவர் மட்டும், வேறு யாரும் போடவில்லை. "த டிரைவர் சைண்ட் ஒன்லி த ஸ்லிப்" என்றால் ரசீதில் மட்டும், பதிவேட்டில் போடவில்லை. "த டிரைவர் ஒன்லி சைண்ட் த ஸ்லிப்" என்றால் கையெழுத்து மட்டும் போட்டார், மூட்டையை எண்ணிப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் இந்த மூன்றாவது இடத்திலேயே 'ஒன்லி'யை வைத்துவிட்டு, எந்தச் சொல்லைக் குறிக்கிறது என்பதைக் குரலால் காட்டுவார்கள். "ஐ ஒன்லி சென்ட் இட் யெஸ்டர்டே" என்பது அவர்கள் பேச்சில் ரொம்ப சகஜம், அதைத் தவறு என்று யாராவது சுழித்தால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் காகிதத்துக்குக் குரல் கிடையாது. மூட்டைக் கணக்கும் பணமும் போகிற கடிதத்தில் 'ஒன்லி'யைக் குறிக்க வேண்டிய சொல்லுக்கு நேர் முன்னால் வையுங்கள்.

'உம்' ஒட்டுக்கு நாம் போடும் 'ஆல்சோ'வும் இதன் தம்பிதான். 'நானும் வந்தேன்' என்பதற்கு "ஐ ஆல்சோ கேம்" என்பதைவிட "ஐ கேம் டூ" தெளிவு.

கடைசியில் வரும் சொற்களின் வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது தமிழருக்கு உண்மையில் சுலபம். 'காலை ஆறு மணிக்குக் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் பொறுமையாகக் காத்திருந்தான்.' காலம், இடம், விதம், வினை. இதை அப்படியே கண்ணாடியில் காட்டுங்கள்: வினை, விதம், இடம், காலம். "ஹீ வெய்ட்டட் பேஷன்ட்லி அட் த கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட் அட் சிக்ஸ்." ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்பதும் அப்படியே திரும்பும், மேட்டூர் முதலில், தேதி கடைசியில். இரண்டு மொழியிலும் விதம்தான் வினைக்கு நெருக்கம், காலம்தான் தூரம். வரிசை ஒன்றேதான், எந்தப் பக்கமிருந்து நடக்கிறோம் என்பதுதான் வேறு. போதல் வருதல் வினைகளில் மட்டும் இடம் முந்திக்கொள்ளும்: "ஷீ வென்ட் டு தஞ்சாவூர் பை பஸ் யெஸ்டர்டே."

உங்கள் அதிகாரி 'டு கேர்ஃபுலி செக்' என்று 'டு'வுக்கும் வினைக்கும் நடுவே வினையடை வைப்பதையும் சுழிப்பாராக இருந்தால், அது பழைய பிடிவாதம். 1864-இல் கான்டர்பரி தேவாலயத்தின் டீன் ஹென்றி ஆல்ஃபோர்டு போன்றவர்கள் அதைக் கண்டித்து எழுதினார்கள், பள்ளிக்கூடங்கள் பிடித்துக்கொண்டன. ஆங்கிலேயர்கள் அதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே அப்படி எழுதி வந்தவர்கள். அப்படி எழுதிய வாக்கியத்தில் தவறில்லை. ஆனால் அதற்காக அலுவலகத்தில் சண்டை போட வேண்டாம், மாற்றச் சொன்னால் மாற்றிவிடுங்கள்.

வினை கடைசியில் வரும் மொழியில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் கடைசிவரை வராது என்று சிலர் மனம் விட்டுவிடுகிறார்கள். உங்கள் ஊருக்குக் கொஞ்ச தூரத்தில், வலங்கைமானில், 1869-இல் பிறந்தவர் சீனிவாச சாஸ்திரி. கும்பகோணத்தில் படித்து, பள்ளி ஆசிரியராக இருந்து, ஆங்கிலேயர்களே 'வெள்ளி நாக்கு' என்று பாராட்டும் அளவுக்கு ஆங்கிலம் பேசினார். வீட்டில் அவர் காதில் விழுந்ததும் நம் தமிழ்தான்.

அப்புறம், மூன்றாவது வாக்கியம். இதில் சிக்கலை உண்டாக்குவது நம்முடைய 'இன்னும்'. இந்த ஒரு சொல் ஆங்கிலத்தில் நாலாகப் பிரிகிறது. 'இன்னும் இரண்டு மூட்டை' என்றால் 'மோர்'. 'இன்னும் நன்றாக' என்றால் 'ஈவன்'. 'இன்னும் இருக்கிறான்' என்றால் 'ஸ்டில்'. 'இன்னும் வரவில்லை' என்றால் 'யெட்' அல்லது 'ஸ்டில்', இரண்டில் ஒன்று. இதற்கு எதிர்ப்பக்கம் 'ஆல்ரெடி' இருக்கிறது. தமிழில் 'அனுப்பியாச்சு', 'அனுப்பிவிட்டேன்' என்று வினையின் வாலிலேயே அதைச் சொல்லிவிடுகிறோம். அதனால்தானோ என்னவோ, சிங்கப்பூர் போன நம் பிள்ளைகளுக்கு அங்கே வாக்கியத்தின் கடைசியில் 'ஆல்ரெடி' போட்டுப் பேசும் வழக்கம் ஒரே மாதத்தில் ஒட்டிக்கொள்கிறது. எழுத்தில் "ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட்" என்று துணைவினைக்குப் பின்னால் வையுங்கள்.

'யெட்' கடைசிக்குப் போகும்: "தே ஹேவ் நாட் ரிப்ளைட் யெட்." 'ஸ்டில்' மட்டும் மறுப்பு வாக்கியத்தில் துணைவினைக்கே முன்னால் போய் நிற்கும்: "தே ஸ்டில் ஹேவ் நாட் ரிப்ளைட்." மேலே சொன்ன பென்சில் வட்டத்தை இது மீறுகிறதே என்று தோன்றும். 'நாட்' தனக்கு வலது பக்கம் இருப்பதை மறுக்கும் என்றேனே, காரணம் அதுதான். பதில் தராமல் இருப்பது தொடர்கிறது, 'ஸ்டில்' சொல்வது அந்தத் தொடர்ச்சியை. அது 'நாட்'டுக்கு வெளியே, இடது பக்கம் நின்றாக வேண்டும். "ஹீ இஸ் நாட் ஸ்டில் ஸ்லீப்பிங்" என்று உள்ளே விட்டால் தொடர்ச்சியே மறுக்கப்பட்டு, 'அவன் இப்போது தூங்கிக்கொண்டில்லை' என்று ஆகிவிடும். "தே ஹேவ் ஸ்டில் நாட் ரிப்ளைட்" என்றும் எழுதலாம், அங்கேயும் 'ஸ்டில்' இடது பக்கம்தான் நிற்கிறது. நீங்கள் எழுதிய 'நாட் ஸ்டில்' மட்டும் ஆகாது.

இரண்டில் எதை அனுப்புவது என்பது நீங்கள் யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 'யெட்' போட்டால் 'இன்னும் வரவில்லை, வரும்' என்கிற தொனி. 'ஸ்டில்' போட்டால் 'இவ்வளவு நாளாகியும் வரவில்லையே' என்கிற சலிப்பு தெரியும். பதில் தர வேண்டிய அலுவலகத்துக்கே எழுதும் முதல் நினைவூட்டலில் 'யெட்' வையுங்கள். மூன்றாவது நினைவூட்டலுக்கும் அசைவில்லை என்றால் தாராளமாக 'ஸ்டில்' போடலாம்.